துரு சுரண்டிய நாற்பது நாள்

எங்கள் லாரியின் தரையில் ஒரு ஓட்டை இருந்தது. கேபினில் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் என் காலுக்கு நேர் கீழே இருக்கும். முதலில் காசு அளவுதான் இருந்தது. பிறகு தோசைக் கரண்டி அளவுக்கு வந்துவிட்டது. சூளகிரியிலிருந்து ஓசூர் போகும்போது அந்த ஓட்டை வழியாக நெடுஞ்சாலை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போவேன். ஒருமுறை என் பென்சிலை அதில் விட்டுப் பார்த்தேன். சாலை அதைப் பிடுங்கிக்கொண்டது. அப்பா அந்த இடத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் கால் வைக்கக் கூடாது என்றார். அதோடு ஓட்டை அடைபட்டுவிட்டதாக நாங்கள் இருவருமே நினைத்துக்கொண்டோம்.

அது கொத்தமல்லி லாரி. சூளகிரியைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் கொத்தமல்லியும் புதினாவும் விளையும். பிடுங்கிக் கட்டு கட்டி, வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கு போர்த்தி ஏற்றுவார்கள். அப்பா அதைப் பெங்களூர் சந்தைக்குக் கொண்டுபோவார். அவரே முதலாளி, அவரே டிரைவர். தோட்டக்காரர்களிடம் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வீட்டில் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும். கட்டுகளிலிருந்து சொட்டும் தண்ணீர் பலகை இடுக்குகளில் இறங்கி இரும்பில் தேங்கும். பன்னிரண்டு வருஷம் தினமும் அப்படிக் குளித்த லாரி அது. போதாததற்கு வருஷத்துக்கு ஒருமுறை பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். “அதுவும் தண்ணிதானே?” என்பார் அப்பா. அம்மா உடனே சிலுவை போட்டுக்கொள்வாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது லாரிக்கு எஃப்.சி. நெருங்கியது. வண்டி சாலையில் ஓடத் தகுதியானதுதானா என்று அதிகாரி பார்த்துச் சான்று தர வேண்டும். அதற்கு முன்னால் அப்பா ஓசூரில் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினார். நானும் போயிருந்தேன். பட்டறைக்காரர் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கதவுக்குக் கீழே குத்தினார். பழுத்த பழத்தில் இறங்குவது போல அது உள்ளே போனது. வெளியே இழுத்தபோது சிவப்பாகத் தூள் கொட்டியது.

“பாடி பூரா போயிடுச்சிங்க. அடியில சேசிஸ் மட்டும் தப்பிச்சிக்கிச்சி, அது கெட்டி இரும்பு. மேல இருக்கிறத பெயிண்ட்தான் புடிச்சி நிறுத்திக்கினு இருக்குது.”

“ரிப்பேர் பண்ண முடியாதா?” என்று அப்பா கேட்டார்.

“ஏன் முடியாது? ஒரு மாசத்துக்கு மேல ஒரு ஆளு இதுலயே குந்திக்கினு சுரண்டணும். அந்த நேரத்துல நீங்க வேற வண்டி வாங்கி பத்து லோடு அடிச்சிடலாம்.”

 அந்த வாரத்திலேயே அப்பா கிருஷ்ணகிரி போய் வேறொரு லாரியைப் பார்த்துவிட்டு வந்தார். பழையதுதான், ஆனால் அதிகம் ஓடாதது. காய்ந்த சரக்கு மட்டுமே ஏற்றிய வண்டி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. இரும்புத் தகடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து பெயிண்ட் அடிக்கும் பிரிவு. தினமும் காலையில் நீலச் சட்டையும் சாப்பாட்டுப் பையுமாகப் புறப்படுவார். முன்பெல்லாம் நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். கொஞ்ச நாளாக நேரம் ஒத்துவரவில்லை என்று டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ‘கம்பெனி மாப்பிள்ளை’ என்றுதான் அத்தை வீட்டில் பெண் கொடுத்தார்கள். அத்தை அப்போது ஐந்து மாதக் கர்ப்பம்.

சாப்பிடும்போது அப்பா தீர்ப்பைச் சொன்னார். “அந்த வண்டி செத்துப்போச்சி. கிருஷ்ணகிரி வண்டியப் பேசி முடிச்சிடப் போறேன்.”

அம்மாவுக்கு மகிழ்ச்சி. அப்பா பெங்களூர் போய்த் திரும்பும் வரை ஜெபமாலையைக் கையில் வைத்திருப்பவள் அவள்.

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, “துரு எடுக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல மச்சான். நான் தினமும் பண்றதுதான். வேணும்னா…” என்றார். அப்பா சிரித்துவிட்டார். “உனக்கு எங்க மாப்ள நேரம்? ஷிப்டு முடிச்சிட்டு வந்து துருவச் சுரண்டுவியா? பொண்டாட்டி வெளக்குமாத்த எடுத்துடுவா.” அத்தையும் சிரித்தாள். மாமா சீக்கிரமே சாப்பிட்டு எழுந்தார்.

எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. புது லாரியின் நெற்றியில் என் பெயரை எழுதுவதாக அப்பா சொல்லியிருந்தார். சிவப்பில் எழுதி மஞ்சளில் ஓரம் கட்டச் சொல்லிவிட்டேன்.

நாலு நாள் கழித்து, வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தில் எங்களை ஓசூருக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். முதலில் மலைக்கோயில், பிறகு பூங்கா. படியேறிப் போகும் வழியில் ஒரு கல் மண்டபம் இருந்தது. அதன் நிழலில் நீலச் சட்டை போட்ட ஒருவர் ஊரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பாட்டுப் பை. அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் தொழிற்சாலைக் கூரைகள் வரிசையாகத் தெரியும்.

“மாமா!” என்று கத்திவிட்டேன்.

அவர் துள்ளி எழுந்தார். முகம் வெளுத்துப்போனது. பிறகு சிரித்தார்.

“என்னா பாப்பா, நீ எங்க இங்க?”

“டூர் மாமா. நீங்க வேலைக்குப் போவலியா?”

“மிஷின் ரிப்பேரு. இன்னிக்கி மட்டும் வெளிய உட்டுட்டாங்க.”

படியோரத்தில் விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் வெள்ளரிக்காய் வாங்கி, மிளகாய்த்தூள் தூவச் சொல்லி என் கையில் கொடுத்தார். டீச்சர் கூப்பிட்டார். நான் ஓடப்போகும்போது மாமா என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

“அக்காகிட்ட சொல்லிடாத பாப்பா. கோயில் படியில உக்காந்துக்கினு இருந்தேன்னு தெரிஞ்சா திட்டும்.”

“சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டேனே தவிர, அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. அந்த வருஷம் நான் முதல் நற்கருணை வாங்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். பாவசங்கீர்த்தன வகுப்பில் கன்னியாஸ்திரி பாவங்களை வரிசையாகச் சொல்லித் தந்திருந்தார். வேறு சாமியின் வாசலில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் சாப்பிடுவது அந்த வரிசையில் எங்கே வரும் என்று தெரியவில்லை. நானாவது டீச்சர் சொல்லிப் போனேன். மாமா தானாகப் போயிருக்கிறார். மாமாவின் ஆத்துமா என்ன ஆகும்? இரண்டு நாள் இதே கவலை. அம்மாவிடம் கேட்க முடியாது, வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று மாமா சொல்லவில்லை என்பது சனிக்கிழமை காலையில்தான் எனக்கு உறைத்தது.

அப்பா லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். விற்கப்போகும் வண்டியைக் கொஞ்சம் பளிச்சென்று காட்ட வேண்டுமல்லவா?

“அப்பா, நம்மாளுங்க கோயில் படியில உக்காந்தா பாவமா?”

“யாரு உக்காந்தது?”

“மாமா.”

அப்பா சிரித்துக்கொண்டே, “எந்தக் கோயில்ல?” என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபம், வெள்ளரிக்காய், மிஷின் ரிப்பேர், வாக்கு. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்திலிருந்து போனது. கந்தலைக் கீழே போட்டார்.

“என்னிக்கி? வியாழக்கெழமயா? மணி என்னா இருக்கும்?”

“பதினொண்ணு.”

“கூட யாருனா இருந்தாங்களா? கம்பெனி ஆளுங்க?”

“இல்லப்பா. தனியாத்தான் இருந்தாரு.”

“சாப்பாட்டுப் பை?”

“இருந்துச்சி. தெறக்கவே இல்ல.”

அப்பா வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான்தான் போய் மூடினேன்.

“பாவமாப்பா?”

“இல்ல பாப்பா. நெழல்ல உக்காந்தா என்னா பாவம்?”

“அம்மாகிட்ட சொல்லணுமா?”

“மாமாவுக்கு வாக்குக் குடுத்துட்ட இல்ல? அப்புறம் சொல்லக்கூடாது.”

என் கவலை தீர்ந்தது. அப்பா பாதிக் கழுவலில் லாரியை விட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கில் ஓசூர் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது ஒரு பெரிய பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்தால் உள்ளே ஒரு கட்டு உப்புத்தாள், கம்பி பிரஷ்கள், துருவுக்கு அடிக்கும் செங்காவி நிறப் பெயிண்ட் டின்கள். விற்கப்போகும் வண்டிக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்டேன். “பாக்கலாம்” என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு அம்மா உட்கார்ந்ததும் அப்பா தொண்டையைச் செருமினார்.

“கிருஷ்ணகிரி வண்டி வேணாம்னு சொல்லிட்டேன். நம்ம வண்டியையே ரிப்பேர் பண்ணிக்கலாம்.”

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். “போன வாரம் நீங்கதான செத்துப்போச்சின்னீங்க?”

“போன வாரம் சரியா பாக்கல.”

“இந்த வாரம் உசுரு வந்துடுச்சா?”

அப்பா மீதிக் காப்பியைக் குடித்து முடித்தார். மாமாவைப் பார்த்துத் திரும்பினார். “மாப்ள, இத வேற யாருகிட்டயும் உடமாட்டேன். உனக்குத்தான் தெரியும் இந்த வேல. கம்பெனியில ஒரு நாப்பது நாளு லீவு போட்டுக்கினு இத முடிச்சிக் குடுக்கணும். அந்த நாளுக்கு உன் சம்பளம் என்னாவோ அத நான் குடுத்துடறேன்.”

முதலில் பேசியது அத்தைதான். “நாப்பது நாளு லீவுன்னா கம்பெனியில என்னா சொல்லுவாங்கண்ணா?”

“நான் கேக்கறேன்மா, எனக்காக.”

“கொழந்த பொறக்கிற நேரத்துல போடவேண்டிய லீவு,” என்று அம்மா குரலை உயர்த்தினாள். “இந்தத் தகரத்துக்காகவா? அவன் வேலைக்கி ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? உங்களுக்கு உங்க வண்டிதான் பெருசா?”

“ஆமா, பெருசுதான்” என்றார் அப்பா.

இவ்வளவு நடக்கும்போது மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அம்மாவிடம் சொல்லவில்லை என்று காட்டத் தலையை ஆட்டினேன். உண்மைதானே, சொல்லவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார். “போட்டுடறேங்க மச்சான்” என்றார். அதுவரை அவர் அப்பாவிடம் ‘ங்க’ போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

என் பெயர் போன துக்கத்தில் நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

வேலை திங்கட்கிழமை தொடங்கியது. தவக்காலமும் அந்த வாரம்தான் தொடங்கியது. வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் லாரியை நிறுத்தினார்கள். அப்பா வேறொருவருடைய லாரியை வாடகைக்குப் பிடித்து லோடு அடித்தார். நீலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மாமா காலை எட்டு மணிக்கு வந்துவிடுவார். அத்தை கட்டிக்கொடுத்த அதே சாப்பாட்டுப் பை கையில் இருக்கும். பலகைகளைக் கழற்றி வெயிலில் சாய்த்தார். தொங்கும் தகடுகளை வெட்டி எடுத்தார். மீதியிருந்ததைச் சுரண்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய்விடுவேன். எனக்கும் ஒரு துண்டு உப்புத்தாள் கிடைக்கும். ஒரு கதவின் அடிப்பாகம் முழுக்க நான் தேய்த்தது. கை, பாவாடை, தலைமுடி எல்லாம் சிவந்துபோகும். அம்மா என்னைக் குளிப்பாட்டும்போது அப்பாவைத் திட்டுவாள், துருவைத் திட்டுவாள், தம்பியை மட்டும் திட்டமாட்டாள்.

முதல் வாரத்தில் மாமா பேசவே இல்லை. பிறகு மெல்லப் பேச ஆரம்பித்தார். மூன்றாவது வாரத்தில் பாட்டே வந்துவிட்டது. துருவில் எத்தனை வகை என்று எனக்குச் சொல்வார். மேலே பூத்திருப்பது ஒன்றும் செய்யாது, பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் போல எழும்புவதுதான் ஆபத்து என்பார். நான் கொப்புளங்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போடுவேன். அவர் அதை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்ப்பார். கேபின் தரையை அடியோடு வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க மட்டும் பட்டறைக்காரர் வந்தார். மற்றதெல்லாம் மாமாதான்.

ஒரு மாதம் போவதற்குள் எனக்குத் தெரிந்தவரை வேலை முடிந்துவிட்டது. தேடினாலும் கொப்புளம் கிடைக்கவில்லை. ஆனால் மாமா முந்தின நாள் தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அப்பா வந்து லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் குனிந்து, நல்ல இரும்பைத் தட்டிக்காட்டி, “இங்க இன்னும் கொஞ்சம் இருக்குற மாதிரி தெரியுது மாப்ள” என்றார்.

“ஆமா மச்சான், இருக்குது” என்றார் மாமா.

அங்கே ஒன்றுமே இல்லை. அதை நானே தேய்த்திருந்தேன். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். “மங்கினது கண்ணு இல்ல” என்று அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் தட்டினாள்.

பெரிய வியாழனுக்கு முன்னால் பெயிண்ட் அடித்து முடித்தார்கள். மாமா என்னைக் கேட்காமலேயே நெற்றியில் என் பெயரை எழுதிவிட்டார். ஈஸ்டர் கழிந்து எஃப்.சி.க்குப் போனது. ஒரே முறையில் சான்று கிடைத்தது. வழியில் பட்டறைக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லி, சேசிஸின் இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாராம். “இப்பிடி வேல செய்யறவன நான் பாத்ததில்ல” என்றாராம்.

மாமா மறுபடி நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். இரண்டாம் நாள் மத்தியானமே திரும்பி வந்தார். இத்தனை நாள் லீவு போட்டதால் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். அத்தை அழுதாள். அந்த வாரமே பட்டறைக்காரர் மாமாவைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டார். ஆனால் பட்டறை வேலை வேறு, கம்பெனி வேலை வேறு. அத்தையின் அப்பா பாகலூரிலிருந்து வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அம்மா ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், சோற்றைப் போடுவாள், சொல்லவேண்டியதை என் மூலம் சொல்லுவாள்.

லாரி அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் ஓடியது. மாமாவும் நன்றாகவே வந்தார். பட்டறையில் கற்றுக்கொண்டு, ஓசூரில் பாகலூர் சாலையில் சொந்தமாக லாரி பாடி கட்டும் பட்டறை போட்டு, குடியும் அங்கேயே போய்விட்டார். இன்று அவரிடம் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் அம்மா அந்தக் கணக்கை மூடவே இல்லை. எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அங்கே போய் முடியும். “உங்க துருப்பிடிச்ச வண்டிக்காக என் தம்பி வேலைய முழுங்கினவருதான நீங்க?” அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். எனக்கும் அப்பாமேல் அந்த விஷயத்தில் வருத்தம் உண்டு. நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு லாரிமேல் இவ்வளவு பிடிவாதமா என்று.

போன மாதம்தான் இது மாறியது.

அன்று அத்தையின் வயிற்றில் இருந்த பெண்ணுக்கு இப்போது முதல் வேலை கிடைத்திருக்கிறது. அதுவும் சிப்காட்டில், ஒரு கம்பெனியில். அதற்காக மாமா வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி. எனக்கு முப்பது வயதாகிவிட்டது, ஆனாலும் அங்கே நான் பாப்பாதான். சாப்பிடும்போது அம்மா அவளுக்குப் புத்தி சொன்னாள்.

“லீவு கேக்கறதுன்னா யோசிச்சிக் கேளு. உங்க மாமா மாதிரி ஆளு பேச்சக் கேட்டுடாத. உங்கப்பன் வேல அப்படித்தான் போச்சி.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் என் பங்குக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது.

“உங்கப்பா ஒண்ணும் சாமானியம் இல்லடி. லீவு போடறதுக்கு முன்னாடியே வேலை நேரத்துல ஓசூர் மலைமேல உக்காந்துக்கினு எனக்கு வெள்ளரிக்கா வாங்கிக் குடுத்து…”

அங்கேயே நின்றுவிட்டேன்.

லீவு போடுவதற்கு முன்னாடி. வியாழக்கிழமை. பிரிக்காத சாப்பாட்டுப் பை. என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நானே முதல்முறையாகக் கேட்டேன். அந்தப் படியில் மாமா உட்கார்ந்திருந்தபோது அவருக்குப் போவதற்குக் கம்பெனியே இல்லை. அப்பா லாரியைப் பற்றி மனம் மாறியது நான் சொன்ன பிறகுதான்.

“வெள்ளரிக்கா வாங்கிக் குடுத்து?” என்று பெண் கேட்டாள்.

“காரம் ஜாஸ்தி, அழுதுட்டேன்” என்று முடித்தேன். மாமா தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இன்னும் கொஞ்சம் தயிர்ப்பச்சடி கேட்டார்.

கை கழுவும் இடத்தில் மாமா எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

“வேலய உட்டு எடுத்து மூணு வாரம் ஆயிருந்துச்சி பாப்பா. வீட்ல சொல்ல வாய் வரல. தினமும் பஸ் ஏறிப் போயி எங்கியாவது உக்காந்துட்டு வருவேன். அந்த மலைமேல நம்ம சனம் யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன். நீ வந்துட்ட.” குழாயைத் திறந்தார், மூடினார். “உங்கப்பா என்ன ஒரு வார்த்த கேக்கல. இன்னிக்கி வரைக்கும் கேக்கல. நானே எல்லார்கிட்டயும் சொல்லிடணும்னு நெனச்சேன். மொதல்ல வெக்கமா இருந்துச்சி. அப்புறம் கொழந்த பொறந்துச்சி. அப்புறம் வருஷம் போக போக, சொல்றது இன்னும் கஷ்டமாயிடுச்சி.”

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. நாற்பது நாள் அவரோடு தேய்த்த கையும் இதுதான். துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அம்மா பூ வாங்கப் போனபோது அப்பாவிடம் கேட்டேன். “அம்மாகிட்ட நான் சொல்லிடட்டுமாப்பா? இத்தன வருஷமா திட்டு வாங்கிக்கினு இருக்கீங்க.”

அப்பா என்ன, எதைப் பற்றி என்று கேட்கவில்லை. பூக்கடைப் பக்கம் பார்த்தார். அம்மா முழம் போடும் பெண்ணிடம் கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“வேணாம். என்னத் திட்டினா சாயங்காலத்துக்குள்ள சோறு போட்டுடுவா. அவனத் திட்டணும்னா அவளே சாப்புடமாட்டா.”

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். அத்தையின் அப்பா வாசலில் நின்று கத்திய நாளைப் பற்றித்தான் சூளகிரி வரும் வரை நினைத்துக்கொண்டு வந்தேன். தெருவே கூடி நின்றது. “என் மருமவன் பொழப்பக் கெடுத்துட்டயேய்யா” என்று அவர் கத்த, அப்பா கையைக் கட்டிக்கொண்டு, “என் தப்புதாங்க, என் தப்புதாங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாமா கொஞ்சம் தள்ளி, தலை நிமிராமல் நின்றார். அதுவரை அப்பாவின் பக்கத்தில் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த நான், எனக்கு அவமானமாக இருந்ததால், விட்டுவிட்டு அம்மா பக்கம் போய் நின்றுகொண்டேன். அப்பா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் தன்னை விட்டுப் போய்விட்டேன் என்றுதான் அப்படிப் பார்க்கிறார், திரும்பி வரச்சொல்லிக் கெஞ்சுகிறார் என்று நினைத்து, வீம்பாக அம்மாவின் புடவையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். நான் எங்கே வாயைத் திறந்து பேசிவிடுவேனோ என்றுதான் அவர் பயந்தார் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.